மாடித் தட்டில் வைத்த சோறு

முத்துவீரன், வயது இருபத்திரண்டு. ஊர் கமுதிப் பக்கம். 2008 புரட்டாசியில் அவன் இருந்தது, குச்சனூர் விலக்கிலிருந்து உள்ளே தள்ளி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே தனியாக நின்ற கருத்தம்மாள் வீட்டின் மாடி அறையில். ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டே மொட்டை மாடிக்கு வந்தவன், அங்கே தான் நட்டிருந்த சேட்டிலைட் டிஷ்ஷுக்குள் சோறு வைத்திருப்பதைப் பார்த்தான்.

வாழை இலைத் துண்டு. அதன்மேல் ஒரு கை சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ஓரத்தில் கொஞ்சம் எள்ளுத் துவையல். ஆள் சுருண்டு படுக்கும் அகலமுள்ள அந்த வெள்ளைத் தட்டின் நடுக்குழியில், மூன்று கம்பிகள் ஏந்திப் பிடித்திருக்கும் குமிழுக்கு நேர் கீழே, யாருக்கோ பந்தி விரித்ததுபோல இருந்தது. இந்தப் பக்கத்து ஊர்களில் சேட்டிலைட் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்பதால் டிஷ்ஷை மல்லாக்கத்தான் வைக்க வேண்டும். வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி கிடக்கும்.

கருத்தம்மாள் கைப்பிடிச் சுவரோரம் நின்று, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதுல சோறு வைக்கக் கூடாதும்மா. நடுவுல ஓட்டை இருக்கு, மழத்தண்ணி எறங்க. பருக்கை விழுந்தா அடைச்சுக்கிரும்.”

“பின்ன எங்கன வைக்கச் சொல்ற? நீ இத நட்டதுல இருந்து ஒரு காக்கா சுவத்துக்கு வரல. வந்தா இது விளிம்புலதான் உக்காருது. உக்கார்ற எடத்துல வச்சாத்தான திங்கும்.”

“அது அசைஞ்சா லைன் போயிரும்.”

“காக்கா உக்காந்தா அசையிற சாமானையா எம் மகன் வாங்கி வச்சிருக்கான். ஏலே கமுதி, ஒன் சோலியப் பாரு.”

அவன் கீழே இறங்கினான். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் செருப்பு எங்கே கிடந்தாலும் காலால் தள்ளி வெளியே விடுவாள். அவன் குடித்த டம்ளரை இரண்டு முறை கழுவச் சொல்வாள். ஆனாலும் அவனை அனுப்ப முடியாது. தோட்டத்து வீட்டுக்குப் போன் வயர் வராது, செல்போனில் சிக்னல் கோடு நிற்காது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் பிரகாஷ், அப்பா செத்த பிறகு அம்மாவைத் தினமும் பார்ப்பதற்காக இந்தச் சேட்டிலைட் இன்டர்நெட்டை ஏற்பாடு செய்திருந்தான். மலைக் கணவாயிலிருந்து பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து வரும் காற்று, காற்றாலைகளைச் சுற்றிவிட்ட வேகத்தோடு இங்கே வந்து டிஷ்ஷையும் தள்ளிவிடும். தள்ளிய ஒவ்வொரு தடவையும் ஒருவன் மேலே ஏறி, மீட்டரைப் பார்த்து, ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்க வேண்டும். காற்று அடங்கும்வரை இங்கேயே தங்கச் சொல்லி கம்பெனி அவனை விட்டுப் போயிருந்தது. அதைவிட, புரட்டாசி அமாவாசை உச்சிவேளையில் பிரகாஷ் மஸ்கட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அப்பாவுக்குத் திதி கொடுக்கப்போகிறான். அந்த நேரத்தில் லைன் போனால் முத்துவீரனுக்கு வேலை போய்விடும். மேனேஜர் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்.

டிஷ்ஷை நட்ட அன்று கருத்தம்மாள் கேட்டிருந்தாள், “டிவிக்கு வைக்கிறதுதான இது?”

“அது மேல இருந்து வாறத கேக்க மட்டும் செய்யும்மா. இது இங்கன இருந்து மேலயும் பேசும்.”

அவள் அதைக் கேட்டு ரொம்ப நேரம் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளும் அவள் உச்சிவேளைக்குப் படையல் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். அவள் வீட்டுக்காரர் சுருளியாண்டி போனபின் வரும் முதல் புரட்டாசி. அமாவாசைவரை தினமும் அவருக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவது என்று இருந்தாள். முத்துவீரன் மாடிப்படியில் உட்கார்ந்து கேபிளுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். பந்தல்களில் மருந்து அடித்த வாடை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கசப்பு, வெயிலில் காய்ந்து தொண்டையில் ஒட்டியது. காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. தென்னையில் காக்கைகள் இருந்தன. வரிசையாக. எல்லாம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் “கா... கா...” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தாள். ஒன்றுகூட இறங்கவில்லை.

“சாகுறவரைக்கும் வச்ச சோத்துக்கு நேரத்துக்கு வராத மனுசன். இப்ப மட்டும் வந்துருவாகளாக்கும்,” என்றாள் தனக்குள். பிறகு தட்டின் விளிம்பில் கையை ஊன்றி, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவள்போலக் குனிந்து, அந்தக் குமிழைப் பார்த்துச் சொன்னாள்: “அவுகளுக்கு மனசில்லேன்னா விடுங்க. பசியோட யாரு இருந்தாலும் சரி. எந்தத் திக்குல இருந்தாலும் சரி. வந்து பசியாறிட்டுப் போங்க.”

காற்று நின்றது.

தென்னை ஓலைகள் தூக்கிய இடத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கின. பந்தலுக்கு அடியில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம்கூடத் தூரம் போய்விட்டது. காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது முத்துவீரனுக்குக் கேட்டது. பிறகு காற்று மறுபடி வந்தது. காக்கைகள் ஒரே சமயத்தில் எழும்பி மேகமலைப் பக்கம் போயின.

அவன் கீழே வந்து கம்ப்யூட்டரில் சிக்னலைப் பார்த்தான். நட்ட நாளிலிருந்து பாதிக்கு மேல் ஏறாத கோடு, முழுசாக நிறைந்து நின்றது.

சாப்பாட்டு நேரம் கழிந்ததும், ஓட்டை அடைக்குமே என்று இலையை எடுத்துவர மேலே போனான். சோறு அப்படியே இருந்தது. காக்கை கொத்தின தடம் இல்லை, எறும்பு இல்லை, ஈகூட மொய்க்கவில்லை. குனிந்தான். பருப்பில் பூண்டு வாடை இல்லை. துவையலில் எள் வாடை இல்லை. மூக்கை ஒட்டி வைத்தும் எந்த வாடையும் இல்லை. இரண்டு கையாலும் இலையைத் தூக்கினான். கை தானாக மேலே போய்விட்டது. அதில் கனமே இல்லை. காற்று ஒருமுறை வீசியதும் சோறு மொத்தமும் உமியாக எழும்பி, வெயிலில் மினுங்கி, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பந்தல்மேல் போய்விட்டது.

வெறும் இலையோடு நின்றவனைப் படியேறி வந்த கருத்தம்மாள் பார்த்தாள்.

“செத்தவுகளுக்கு வச்சத எடுத்தா திங்கிற?”

“இல்லம்மா. காத்துல...”

“சோறு காத்துல போகுமாலே. கமுதியில அப்படித்தான் போகுமா?”

அன்று சாயங்காலம் சமையலுக்கு வரும் சங்கிலியம்மாளிடம் அவள் சொல்லிவிட்டாள். சங்கிலியம்மாள் அடுப்படியில் இருந்தே சிரித்தாள். “என்ன தம்பி, பசிச்சா என்கிட்டக் கேட்டா போடமாட்டனா? காக்காகூடப் போட்டி போட்டுட்டு நிக்கிற. நாளைக்கு நீயும் தென்னைல ஏறி உக்காந்துக்க, நான் கா கான்னு கூப்பிடுறேன்.”

அவனுக்குக் காது சூடாகியது. ஆனால் உள்ளங்கையில் அந்தக் கனமின்மை இன்னும் இருந்தது. கழுவியும் போகவில்லை.

இரவு சாப்பாட்டுக்கு முன் பிரகாஷ் திரையில் வந்தான். எப்போதும் அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஒரு பக்கம் போக, குரல் மெதுவாகப் பின்னால் வரும். இங்கே பேசுவது அத்தனை உயரம் ஏறி, இறங்கி, போய்ச் சேர்ந்து, பதில் திரும்ப அதே வழியில் வரவேண்டும். நடுவில் ஒரு மூச்சு நேரம் வெறுமையாக இருக்கும். அதை எந்த ஸ்பானரும் குறைக்க முடியாது. அதனால் அம்மாவும் மகனும் ஒருவர் பேச்சில் ஒருவர் மோதிக்கொண்டே இருப்பார்கள். “நல்லாருக்கியாம்மா, சரி, டூட்டிக்கு நேரமாச்சு,” என்று பிரகாஷ் முடித்துவிடுவான். அவள் இருட்டான திரையைப் பார்த்து, “சாப்டியாய்யா?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்று முகம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தது. இமை மயிர்கூடத் தனித்தனியாக.

“சாப்டியாய்யா?”

“இல்லம்மா. என்ன வச்ச இன்னைக்கு?”

வெறுமை இல்லை. அவள் வாய் மூடுவதற்குள் பதில் வந்தது, அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல.

“மதியம் பருப்பு, வாழைக்காய். இப்ப தோசைய்யா.”

“வாழைக்காய்ல மொளகு போட்டிருந்தியே.”

கருத்தம்மாள் முகம் மலர்ந்தது. முத்துவீரன் அவள் நாற்காலிக்குப் பின்னால், சுவரோடு சாய்ந்து நின்றான். மிளகு போட்டது மஸ்கட்டில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தான்.

“நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட வைம்மா,” என்றது திரை.

அதற்குப்பின் அந்த வீட்டுச் சாப்பாட்டில் ருசி போயிற்று. முதலில் உப்பு. சங்கிலியம்மாள் கைநிறைய அள்ளிப் போட்டாள், கல் உப்பு நாக்கில் மணலாக நெருடியது, கரிக்கவில்லை. பிறகு புளி. பிறகு மிளகாய். முத்துவீரன் தட்டு தட்டாகச் சாப்பிட்டான். தொண்டை விழுங்கியது, வயிறு காலியாகவே இருந்தது. சாப்பிட்டு எழுந்ததும் பசி. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. கருத்தம்மாள் ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. ஆனால் அவள் சமைத்துக்கொண்டே இருந்தாள். அதிரசம், பணியாரம், கோழிக் குழம்புகூட, விரத நாள் என்பதையும் மறந்து. உச்சிக்கு எல்லாவற்றையும் மேலே கொண்டுபோனாள். சாயங்காலம் திரையில் பிரகாஷ் வந்து ஒவ்வொன்றின் ருசியையும் சொன்னான். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கயிற்றுக் கட்டிலில் அவள் உட்கார்ந்தால் கயிறு இறங்குவதில்லை. அதை முத்துவீரன் ஒருநாள் பார்த்தான். பிறகு பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

சனிக்கிழமை சங்கிலியம்மாள் குச்சனூருக்கு எள் விளக்குப் போடக் கிளம்பியவள், மாடியில் துணி எடுக்கப் போனாள். திரும்பி இறங்கும்போது அவள் கையில் ஒரு காக்கை இருந்தது. இறக்கை நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

“இதப் பிடி தம்பி.”

கறுப்பு மினுமினுப்பு குறையவில்லை. கண் திறந்திருந்தது. ஒரு இறகும் உதிரவில்லை. காகிதத்தில் செய்ததுபோல இருந்தது. அவன் மூச்சுவிட்டதற்கே அது கையில் புரண்டது.

“டிஷ்ஷுக்குள்ள கெடந்துச்சு. நான் கோயிலுக்குப் போறேன். போனவ இங்கன திரும்பி வரமாட்டேன். கருத்தம்மாக்காகிட்ட நீ சொல்லிரு.” அவள் சிரிக்கவில்லை. “ஊருல எல்லாரும் செய்யிறது மாதிரி சுருளி அருவிக்குப் போயி திதிய முடிச்சிருக்கணும். பேரு சொல்லிக் கூப்பிடணும் தம்பி. மூணு தலமுறை பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். பேரு சொல்லாமக் கூப்பிட்டா எது வரும்னு யாரு கண்டா.”

“அக்கா, நான் மட்டும் எப்படி...”

“நீயும் கெளம்பு.”

அவன் கிளம்பவில்லை. வேலை போய்விடும் என்பது ஒன்று. இன்னொன்று, மாடிப்படியில் சுவரைப் பிடித்து இறங்கி வந்த கருத்தம்மாளைப் பார்த்தது. காற்று வீசியபோது அசைந்தது அவள் சேலை மட்டுமில்லை. அவளே சேர்ந்து அசைந்தாள். மறுநாள் மாடியில் உட்கார்ந்திருந்தவள் மடியில் அம்மிக் குழவி இருந்தது. கைக்குழந்தைபோல அதை அணைத்திருந்தாள்.

“எதுக்கும்மா இது?”

“காத்து தள்ளுதுலே,” என்றாள், வேறு எதுவும் இல்லை என்பதுபோல.

அமாவாசை காலையில் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனான். சென்னையில் எல்லா ஊர் லைனையும் கவனிக்கும் ஆபீசில் இம்மானுவேல் என்பவன் இருந்தான். போன் பூத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் வேர்த்தது. வெளியே டீக்கடையில் வடை வேகும் வாடை வந்தது. அந்த வாடையே அவன் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. எத்தனை நாளாயிற்று ஒரு வாடையை முகர்ந்து.

“சார், தோட்டத்து வீட்டு லைன் முத்துவீரன் பேசுறேன். இன்னைக்கு உச்சியில திதி இருக்கு. லைன் நிக்குமா?”

“எப்பா, உனக்கு எத்தன தடவ மெசேஜ் விடுறது? இந்த ஒரு வாரமும் உச்சிக்கு சூரியன் நேரா சேட்டிலைட்டுக்குப் பின்னாடி வருது. கொஞ்ச நேரம் தமிழ்நாடு பூரா லைன் போயிட்டுத் திரும்பும். வருஷா வருஷம் வர்றதுதான். நடுவுல இருக்கிற குமிழோட நெழலு சரியா டிஷ்ஷுக்கு நட்ட நடுவுல விழும். அப்ப ஒண்ணும் செய்ய முடியாது.”

“எனக்குப் போகலையே சார். நேத்து உச்சிக்கும் முழுசா இருந்துச்சு.”

போனுக்குள் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு தட்டுவது நின்றது.

“முத்துவீரா, விளையாடுறியா? உன் லைனு உசுரோட இருந்தாத்தான முழுசா இருக்க. அது செத்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. மஸ்கட்ல இருந்து அந்த ஓனர் பையன் தினம் போன் போட்டுத் திட்டுறாரு, அம்மாவப் பாக்க முடியலன்னு. நீ மலைப் பக்கம் எங்கயாவது திருப்பி வச்சிருப்பன்னு நெனச்சோம்.”

“நேத்து அவரு பேசுனாரு சார். அம்மாகூட.”

“யாரு?”

முத்துவீரன் தலையைத் திருப்பினான். கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் முகத்தில் கன்ன எலும்பு துருத்தியிருந்தது.

“யாரு பேசுனாங்க முத்துவீரா?”

போனை வைத்தான். வெளியே வந்து சைக்கிளை எடுத்தான். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. காற்று அவனைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

வீடு திறந்து கிடந்தது. கரண்டு இல்லை, மதிய நேரத்துக் கட். கம்ப்யூட்டரோடு இருந்த பேட்டரிப் பெட்டி கத்திக் கத்தி ஓய்ந்திருக்க வேண்டும். ஹாலில் சத்தமே இல்லை. ஆனால் திரை எரிந்துகொண்டிருந்தது. கருத்தம்மாள் அதன் முன்னால், குழவியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தரை முழுக்க இலை. இலை முழுக்கப் பண்டம். ஒரு வாடை இல்லை.

அவன் குழவியை இறக்கி வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து நடைக்கு இழுத்து வந்தான். இழுத்ததும் வந்துவிட்டாள், கொடியிலிருந்து துணியை உருவியதுபோல.

“அம்மா, அது உங்க மகன் இல்ல. லைன் செத்து ஒரு வாரமாச்சு. உங்க மகன் அங்க ஒங்களப் பாக்க முடியாம தவிச்சிட்டிருக்காக. இது வேற.”

அவள் அவனைப் பார்த்தாள். கண் குழிக்குள் போயிருந்தது. அந்தப் பார்வையில் முதல்முறையாகத் திட்டு இல்லை.

“தெரியும்லே.”

“தெரியுமா?”

“பெத்தவளுக்குத் தெரியாதா? எம் மகன் என்னைக்கு எங்கிட்ட மொளகு போட்டியான்னு கேட்டான்? எந்திரிச்சா டூட்டி, ஒக்காந்தா டூட்டி. அவுக அப்பனும் அப்படித்தான். வச்சத தின்னுட்டு கையக் கழுவிட்டுப் போயிருவாக, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வராது.” திரை இருந்த பக்கம் திரும்பினாள். “இது கேக்குது. இன்னும் வைய்யின்னு கேக்குது. எனக்கு அது போதும்.”

“ஒங்களையே தின்னுக்கிட்டிருக்கும்மா.”

“பசிச்ச வாயி. திங்கத்தான் செய்யும்.”

உள்ளே இருந்து குரல் வந்தது. “அம்மா.”

அவள் கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். காலடிச் சத்தம் இல்லை.

முத்துவீரன் கம்ப்யூட்டர் பக்கத்து மோடத்தை நோக்கி ஓடினான். மாடியிலிருந்து இறங்கும் கேபிளைப் பிடித்து இழுத்தான். திருகாணி கழன்று கையோடு வந்தது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கரண்டு வயரைப் பிடுங்கினான். எரிந்தது. மோடத்தையே தூக்கித் தரையில் அடித்தான். மூடி உடைந்து தெறித்தது. உள்ளே, பச்சை.

“எல்லாம் வச்சாச்சாம்மா?”

“வச்சாச்சுய்யா.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

 அவன் உடைந்த மூடியைக் கையில் வைத்தபடி மண்டியிட்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் சொன்னாள்.

“நான் இருக்கேன்ல.”

திரும்பினான். நாற்காலி காலி. திரையில் பிரகாஷ் முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது, கூரைக்கு அப்பால் எதையோ. வாய் திறந்திருந்தது. உள்ளே பல் தெரியவில்லை. வெள்ளைத் தட்டின் குழிவுதான் தெரிந்தது. நடுவில் மழைத்தண்ணி ஓட்டை.

மாடிப்படி. ஏறினான். கால் படியில் சரியாகப் பதியவில்லை. இரண்டு படிக்கு ஒருமுறைதான் தரை தட்டியது.

மேலே வெயில். கண்ணைத் திறக்க முடியாத வெயில். காற்று இல்லை. ஓலை ஆடவில்லை. பந்தல் ஆடவில்லை. தென்னை காலி. குழவி தரையில் நின்றது, அவள் மேலே தூக்கிவந்து இறக்கி வைத்த இடத்தில்.

கருத்தம்மாள் தட்டுக்குள் படுத்திருந்தாள். இலை விரித்து, அதன்மேல். முழங்காலை வயிற்றோடு மடக்கி, பக்கவாட்டில். தலையில் எண்ணெய் தேய்த்துச் சீவியிருந்தாள். குமிழின் நிழல் அவள் இடுப்பில் இருந்தது. மெல்ல நகர்ந்தது. விலா. தோள். கழுத்து. நட்ட நடுவுக்கு வந்து, அவள் வாயில் நின்றது.

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றான். 

நிழல் நின்றுகொண்டே இருந்தது. சூரியன் நகர்ந்தது. நிழல் நகரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. மெல்லுவதுபோல, விழுங்குவதுபோல ஏதாவது கேட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அவள் கை மட்டும் ஒருமுறை எழுந்து, கிட்டே வரும் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல, வெறும் வெயிலைத் தடவியது. பிறகு இலைமேல் விழுந்தது. விழுந்த சத்தம் இல்லை.

நிழல் போயிற்று.

காற்று வந்தது.

முதலில் இலை பறந்தது. பிறகு அவள் எழுந்தாள். அவளாக எழவில்லை. முந்தானை உப்பியது, தோள் தூக்கியது, உடம்பு மொத்தமும் தட்டை விட்டுக் கிளம்பியது. முத்துவீரன் பாய்ந்து சேலையைப் பிடித்தான். இரண்டு கையாலும். அவள் அவன் தலைக்கு மேலே காற்றில் படுத்தவாக்கில் படபடத்தாள். முடி அவிழ்ந்து மேகமலைப் பக்கம் பறந்தது. முகம் அப்படியே இருந்தது. தோல், சுருக்கம், மூக்கருகில் மச்சம், எல்லாம். கண் திறந்திருந்தது. இமைத்தது.

“அம்மா.”

அவள் உதடு அசையவில்லை. மூச்சு மட்டும் ஓலைப் பெட்டிக்குள் ஊதியதுபோலச் சரசரத்தது.

கீழே, ஹாலில் இருந்து, மாடிப்படி வழியாக, கருத்தம்மாளின் குரல் தெளிவாக ஏறி வந்தது. நல்ல கனமான குரல். வயிறு நிறைந்த குரல்.

“ஏலே கமுதி. நீ சாப்டியாலே?”

காற்று இழுத்தது. சேலை மடிப்பு மடிப்பாகக் கையிலிருந்து வழுக்கியது. பிடியை மாற்றக் காலை ஊன்றினான். ஊன்றத் தரை கிடைக்கவில்லை. குனிந்து பார்த்தான். தரைக்கும் அவன் குதிகாலுக்கும் நடுவில் வெயில் விழுந்திருந்தது.

டிஷ் நிற்கும் இரும்புக் காலில் தன் காலைப் பின்னிக்கொண்டான். மேலே அவள் இழுத்தாள். கீழே அந்தக் குரல் மறுபடி கேட்டது, “சாப்டியாலே?” பந்தலுக்கு அடியில் ஆள் இருக்கிறதா என்று தெரியவில்லை. பச்சை இலைதான் அலை அலையாகத் தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்னான்:

“தோட்டத்துல யாரும் வேல பாக்குறீகளா? மாடிக்கு ஏறி வந்து ஒரு பக்கம் பிடிங்க. பாரமா எதையாச்சும் தூக்கிட்டு வாங்க.”